விடுமுறைக் கைவேலை

சென்னை மாநகரின் வடபகுதியில், கடற்கரையை ஒட்டி, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. தெற்கே சென்னைத் துறைமுகமும் வடக்கே காமராசர் துறைமுகமும் இப்பகுதிக்கு இரு வாயில்கள் போல் விளங்குகின்றன. இடையில் மீன்பிடி துறைமுகமும், பேருந்து முதலிய ஊர்திகளைச் செய்யும் ஆலையும், சிறியவும் பெரியவுமான பட்டறைகளும் உள்ளன. வலை பின்னுவோர், படகு செப்பனிடுவோர், இரும்பைக் கடைவோர், சுமை ஏற்றி இறக்குவோர் எனப் பல்லாயிரவர் தம் கைத்திறனையே முதலாகக் கொண்டு வாழும் நிலம் இது. இங்கு வளரும் பிள்ளைகள் கைத்தொழிலின் நடுவே கண் விழிக்கின்றனர் எனலாம்.

ஆயினும், இப்பிள்ளைகளின் வீடுகளிலும், நாட்டின் ஏனைய வீடுகளிற் போலவே, ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். காலாண்டுத் தேர்வோ அரையாண்டுத் தேர்வோ முடிந்து பள்ளிக்கு விடுமுறை விடும்பொழுது, ஆசிரியர் ஒரு கைவேலையைக் குறித்து அனுப்புகிறார். கட்டுமரத்தின் சிற்றுருவம், அட்டையாற் செய்த இரயில் நிலையம், கிளிஞ்சல் ஒட்டிய படம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மாணவன் செய்து வருதல் வேண்டும். விடுமுறையின் முதல் நாளில், "நாளைக்குச் செய்யலாம்" என்று பிள்ளை எண்ணுகிறான். மறுநாளும் அவ்வாறே எண்ணுகிறான். இங்ஙனம் நாளைகள் பல கழிந்து, பள்ளி திறப்பதற்கு முந்திய நாள் அந்தி மயங்கும் வேளையில்தான் கைவேலையின் நினைவு வருகிறது.

பிறகு வீடே பரபரப்படைகிறது. தாய் கடைக்கு ஓடி அட்டையும் பசையும் வண்ணத்தாளும் வாங்கி வருகிறாள். ஷிப்டு வேலை முடிந்து வந்த தந்தை, உடை மாற்றவும் பொழுதின்றிக் கத்திரிக்கோலைக் கையில் எடுக்கிறார். பிள்ளை சிறிது நேரம் பசையை எடுத்துத் தருகிறான், நூலைப் பிடித்துக்கொள்கிறான், பின்பு அங்கேயே உறங்கிவிடுகிறான். நள்ளிரவில் கைவேலை முற்றுப்பெறுகிறது. மறுநாள் வகுப்பில் எல்லோரும் அதனைப் பாராட்டுகின்றனர். அப்பாராட்டு யாருக்கு உரியது என்பதை வகுப்பில் ஒருவன் மட்டும் நன்கு அறிவான். அவன் அதனைக் கொண்டுவந்த மாணவனே ஆவான்.

பள்ளிகளில் கைவேலை எதற்காக வைக்கப்பெற்றது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். செருமனி நாட்டுக் கல்வியறிஞர் பிரோபெல் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். தாள் மடித்தல், தாளைப் பின்னுதல், களிமண்ணாற் செய்தல் முதலியவற்றை அவர் கல்வியின் பகுதிகளாக்கினார். பின்லாந்து நாட்டில், யூனோ சிக்னேயசு என்பாரின் முயற்சியால், 1866-ஆம் ஆண்டில் கைத்தொழில் பள்ளிகளில் கட்டாய பாடமாயிற்று. நம் நாட்டில் காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களையும் கற்பிக்கும் முறையை எடுத்துரைத்தார். அதுவே பின்னர் ஆதாரக் கல்வி எனப் பெயர் பெற்றது. தமிழகத்துப் பள்ளிகளில் சிறுவர் தக்கிளியில் நூல் நூற்ற காலமும் உண்டு.

இவர்கள் மூவரும் வெவ்வேறு நாட்டினர். எனினும் கை வேலை செய்யும்பொழுது அறிவும் உடன் வளர்கின்றது என்பதில் ஒருமித்த கருத்துடையவர். பொருள் அழகாக அமைவது அவர்களுடைய முதல் நோக்கம் அன்று. செய்பவன் வளர வேண்டும் என்பதே நோக்கம். எனவே, தந்தை செய்த அழகிய படகினால் படகு வளர்ந்ததே ஒழியப் பிள்ளை வளரவில்லை.

கடைசி இரவில் இழக்கப்படுவது யாது? உழைப்பு என்று சிலர் கூறுவர். அதனினும் பெரியது ஒன்று உண்டு. பிழை செய்து, அதனைக் கண்டு, திருத்திக்கொள்ளும் கால இடைவெளியே அது. பத்து நாள் கையில் இருக்கும்பொழுது, முதல் முயற்சி கெட்டுப்போனாலும் இரண்டாம் முயற்சிக்கு இடம் உண்டு. ஓர் இரவே எஞ்சியிருக்கும்பொழுது, பிழை நேர இடமே இல்லை. பிழையின்றி முதன்முறையிலேயே செய்யக்கூடியது தேர்ந்த கை மட்டுமே. ஆகவேதான் கத்திரிக்கோல் பிள்ளையின் கையிலிருந்து பெற்றோர் கைக்கு மாறுகிறது. பெற்றோரின் அன்பு மட்டும் இதற்குக் காரணமன்று; காலக் குறைவே தலையாய காரணம்.

பிழையும் திருத்தமும் பெரும் பணிகளுக்கும் இன்றியமையாதவை. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில், கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் கட்டினர். பணி நிறைவுறும் நிலையில், 1881-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். ஆயினும் துறைமுகத்தின் வாயில் கிழக்கு நோக்கி இருந்தமையால், அலைகள் உள்ளே புகுந்து கப்பல்களை அலைத்தன. 1904-ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற பிரான்சிசு ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் காலத்தில், அவ்வாயில் அடைக்கப்பெற்று, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பெற்றது. அப்பணி 1911-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. கற்றறிந்த பொறியாளர்க்கே ஒரு துறைமுகத்தைச் சீர்செய்ய இத்துணை ஆண்டுகள் வேண்டியிருந்தன எனில், பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நாளேனும் வேண்டாவோ?

கட்டுமரத்தின் சிற்றுருவத்தை எடுத்துக்கொள்வோம். பெயரே அதன் இலக்கணத்தைக் கூறுகிறது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றாற் கட்டியது கட்டுமரம். இத்தமிழ்ச்சொல் ஆங்கிலம் முதலிய மேலை மொழிகளிலும் புகுந்துள்ளது. இன்று நம் கடற்கரைகளில் இழைக்கண்ணாடிப் படகுகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆதலின் பாட்டனார் ஏறிச் சென்ற மரத்தைப் பேரன் அறிந்துகொள்ள இக்கைவேலை நல்வாய்ப்பாகும்.

உலர்ந்த தென்னை மட்டைத் துண்டுகளும் சிறிது கயிறும் இருப்பின் இதனைச் செய்யலாம். முதல் நாள் பிள்ளை தானே துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிறான். வாளி நீரில் இட்டதும் கட்டு நெகிழ்ந்து துண்டுகள் பிரிந்து போகின்றன. மறுநாள் முடிச்சை இறுக்குகிறான். மரம் பிரியவில்லை, ஆனால் ஒரு பக்கம் சாய்கிறது. எடை மிகுந்த துண்டு ஓரத்தில் இருப்பதே காரணம் என்பதைக் கண்டு, அதனை நடுவில் வைக்கிறான். மூன்றாம் நாள் மரம் நேராக மிதக்கிறது. ஆணி அடித்தால் என்ன என்று அப்பொழுது அவனுக்கு ஓர் ஐயம் எழலாம். ஆணி உவர்நீரில் துருப்பிடிக்கும் என்றும், கயிற்றுக்கட்டு அலைக்கு ஏற்பச் சிறிது இடங்கொடுக்கும் என்றும், மரங்களின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும் என்றும் தந்தை விளக்குவார். அவன் உள்ளத்தில் இவ்விளக்கம் பசுமரத்தாணி போலப் பதியும்; ஏனெனில் கேள்வி அவனுடையது.

பெற்றோர்க்குரிய இடம் இதுவே. மீன்பிடிக்கும் தந்தை ஒரு முடிச்சை மெல்லப் போட்டுக் காட்டி, அதனை அவிழ்த்துவிட்டுக் கயிற்றைப் பிள்ளையிடம் கொடுத்தல் வேண்டும். வலையின் கண் ஒவ்வொன்றும் ஓரளவாய் அமையும் வகையைத் தாய் காட்டலாம். அவிழ்த்துக் கொடுப்பது, கட்டிக் கொடுப்பதைவிட அரிய செயல். அதற்குப் பொறுமை வேண்டும்.

இரவும் பகலும் மாறி மாறி உழைக்கும் பெற்றோர்க்கு இதற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. நாள்தோறும் கால்மணி நேரம் அருகில் அமர்ந்தாற் போதும்; நள்ளிரவு வரை விழித்திருப்பதைவிட அது எளிது. ஆசிரியரும், விலை கொடுத்து வாங்க வேண்டாத பொருள்களாற் செய்யத்தக்க வேலையையே தருதல் நலம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் விம்கோ நகர் என்று ஒரு பகுதியே வழங்கும் திருவொற்றியூரில், வெறுந் தீப்பெட்டிகளைக் கோத்து இரயில் வண்டி செய்யலாம். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னகத்தின் முதல் பயணியர் இரயில் வண்டி புறப்பட்ட இராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. அதனை நேரிற் கண்டு, தூண்களை எண்ணி, பழைய அட்டையில் உருவாக்கலாம். முன்பு இத்தகைய வேலைகளுக்குத் தெர்மாகோலையே பலர் நாடினர். அலங்காரத்திற்கான தெர்மாகோல் 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பெற்றுள்ளது. மக்காது கடலைச் சேரும் அப்பொருள், கடலை நம்பி வாழும் ஊருக்குப் பொருந்தாதது அன்றோ?

மாணவர்களே! விடுமுறை முடிந்து, கைவேலைகள் வகுப்பின் மேசைமீது வரிசையாக வைக்கப்பெறும். அவற்றுள் சிறிது கோணலான கட்டுமரம் ஒன்று இருக்கலாம். அதன் முடிச்சு பெரிதாயும், கயிற்றின் நுனி பிசிராயும் தோன்றலாம். ஆனால், "இதனை ஏன் இவ்வாறு கட்டினாய்?" என்று ஆசிரியர் கேட்டால், அதனைச் செய்தவன் தடையின்றி விடை கூறுவான். அக்கட்டுமரத்தை நீரில் விட்டால், அது மிதக்கும். அத்தகைய வேலையை நும் கையாலேயே செய்து, விடுமுறையின் முதல் நாளிலேயே அதனைத் தொடங்குவீர்களாக.