முதிய பூனைக்கு விடைகொடுத்தல்

பூனைக்கும் சிறுநீரகம் பழுதாகும் என்று நாங்கள் கூறும்போது எங்கள் நோயாளிகள் பலர் வியப்படைகின்றனர். முதிய பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் நோய்களுள் அதுவும் ஒன்று. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த இவ்வுயிர், சிறுநீரை மிகவும் செறிவாக்கி உடலின் நீரைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. அவ்வாற்றல் குன்றும்போது தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி நாடும், சிறுநீர் மிகுதியாகக் கழியும், உடல் மெலியும். உணவை மாற்றுவதும், தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதும் சில மாதங்களையோ சில ஆண்டுகளையோ தரலாம். அதற்குமேல் நீட்டிப்பது அரிது.

சிறுநீரகப் பிரிவினராகிய நாங்கள் பூனையைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் மூதாட்டி ஒருவர் ஒரு முறை வரவில்லை. அடுத்த முறை கால்கள் வீங்கி, மூச்சுத்திணறலோடு வந்தார். பதினாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்த பூனை இறந்துகொண்டிருந்தது. அதைத் தனியே விட்டுவர மனம் ஒப்பவில்லை. "டாக்டர், ஒரு பூனைக்குப் போய் இப்படி உடம்பைக் கெடுத்துக்கிட்டாங்க" என்றார் மகன். மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணவர் மறைந்து, பிள்ளைகள் பணிக்குச் சென்றபின், பகல் முழுதும் அவருடன் இருந்த உயிர் அது ஒன்றே. அத்துயரைச் சிறிதென்று அளக்க எங்களிடம் அளவுகோல் இல்லை. உறக்கமும் உணவும் கெடுகின்றன, மாத்திரைகள் தவறுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆகவே, வீட்டில் செல்லப்பிராணி நோயுற்றிருப்பின் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். டயாலிசிஸ் நேரத்தை மாற்றியமைக்க முயல்வோம். ஒரு முறையை முற்றிலும் விட்டுவிடுவதே ஆபத்து.

பூனை வலியை மறைக்கும் இயல்புடையது. கட்டிலடியில் ஒளிதல், மேனியை நக்கித் தூய்மை செய்யாதிருத்தல், விருப்பமான உணவையும் முகர்ந்துவிட்டு விலகுதல் ஆகியவை துன்பத்தின் அடையாளங்கள். அவ்வேளையில் தங்கள் மருந்துப்பெட்டியைத் திறக்க வேண்டாம். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். அன்பினால் கொடுத்தாலும் அது நஞ்சே.

மீள வழியில்லை எனும்போது, வலியின்றி உறங்கவைப்பதைப் பற்றிக் கால்நடை மருத்துவர் பேசக்கூடும். மனித மருத்துவத்தில் இவ்வழி எங்களுக்கு இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீள இயலாத நோயாளிக்குச் செயற்கை உயிர் ஆதரவை நிபந்தனைகளுடன் விலக்குவதை மட்டுமே. பூனைக்கோ, மயக்கமருந்தை மிகுந்த அளவில் செலுத்துவர். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கலாம். பின்னரும் ஓரிரு மூச்சு அசைவுகள் தோன்றலாம். அவை வலியின் குறிகள் அல்ல. முன்கூட்டியே அறியாதவர்கள் அக்காட்சியை எண்ணி நெடுநாள் வருந்துவதுண்டு. மடியில் வைத்துக்கொள்ள விரும்பினால் மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் இசைவர். உறங்கவைக்கச் சம்மதித்தவர்கள் 'கொன்றுவிட்டோமே' என்று எங்களிடம் அழுதிருக்கின்றனர். நோய்தான் கொன்றது என்றே அவர்களிடம் கூறிவருகிறோம்.

வீட்டிலுள்ள சிறுவர்களிடம் 'ஊருக்குப் போயிருக்கிறது' என்று சொல்லாதிருப்பது நலம்; அவர்கள் வாசலில் காத்திருப்பார்கள்.

மற்றொரு பூனை வளர்க்கலாமா என்று மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலோர்க்கு முழுத் தடையில்லை. முதலில் எங்களிடம் கலந்துகொள்ளுங்கள். தெருக்குட்டியைத் தவிர்த்து, நலமான வளர்ந்த பூனையைத் தேர்ந்தெடுப்பது நன்று. பச்சை இறைச்சி கொடுக்கலாகாது. கழிவுத் தட்டை வீட்டில் வேறொருவர் நாள்தோறும் அகற்ற வேண்டும். அக்கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும்.