ஆண்ட்ரோமெடாவுக்கு ஒரு ஆர்.டி. கணக்கு!

வெளியூர்க்காரர்கள் காரைக்காலுக்கு வர இரண்டே காரணங்கள்தான். ஒன்று, திருநள்ளாறு சனீஸ்வரர். இன்னொன்று... வேண்டாம், உங்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள்!

மூன்றாவதாக ஒரு காரணம் சொல்கிறேன். சனி கிரகத்தையெல்லாம் தாண்டி, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் நம் பக்கத்து வீட்டு கேலக்ஸி. பெயர் ஆண்ட்ரோமெடா. அதைக் காரைக்கால் பீச்சிலிருந்தே போட்டோ எடுக்கலாம்.

'டெலஸ்கோப்புக்கு பி.எஃப். லோன் போடணுமே சார்?' என்கிறீர்களா? வேண்டாம். கல்யாண வீட்டில் படம் எடுக்கிற டிஜிட்டல் கேமரா, 50 எம்.எம். லென்ஸ், ஆடாத ஒரு ஸ்டாண்டு. போதும். ஆசாமி சின்ன உருவமில்லை. ஆறு முழு நிலாவை வரிசையாக வைத்த அகலம். ஆனால் ரொம்ப மங்கல்.

சிக்கல் என்னவென்றால், பூமி சும்மா இருப்பதில்லை. இந்த லென்ஸில் 10 செகண்டுக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுத்துவிடும். 10 செகண்டில் கிடைக்கும் வெளிச்சமோ வெறும் சில்லறை!

இங்கேதான் நான் படித்த பி.காம். கைகொடுத்தது. மாசாமாசம் ஆர்.டி. கட்டுவதில்லையா, அதே கதை. பத்துப் பத்து செகண்டாக 100 படம் எடுங்கள். 'டீப்ஸ்கை ஸ்டாக்கர்' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர், அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். கேலக்ஸியின் வெளிச்சம் 100 மடங்கு சேரும். மணல் தூவின மாதிரி வரும் 'நாய்ஸ்' 10 மடங்குதான் கூடும். ஆக, நிகர லாபம் 10 மடங்கு. எந்த பாங்க் தருகிறது?

போன புரட்டாசியில் நானும் போய் நின்றேன். முதல் படத்தில் ஒரு அழுக்குக் கறை. லென்ஸைத் துடைத்தேன். அடுத்த படத்திலும் கறை. மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது... அய்யா, அதுதான் கேலக்ஸி!

அமெச்சூர்தானே என்று இளக்காரம் வேண்டாம். 1888-ல் இதன் சுருள் வடிவத்தை முதன்முதலில் போட்டோவில் காட்டிய ஐசக் ராபர்ட்ஸ், பிழைப்புக்குக் கட்டட கான்டிராக்ட் பார்த்தவர். 2022-ல் யான் சென்டி என்ற பிரெஞ்சுக்காரர், நான்கு அங்குலச் சொச்ச லென்ஸை வைத்துக்கொண்டு நான்சி நகருக்குப் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தார். நண்பர்களோடு சேர்ந்து 111 மணி நேர வெளிச்சத்தை அடுக்கிப் பார்த்தால், ஆண்ட்ரோமெடா பக்கத்தில் பிரம்மாண்டமாக ஒரு ஆக்சிஜன் வாயு வளைவு! பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் கண்ணிலெல்லாம் படாமல் இருந்தது. 2023-ல் கிரீனிச்சின் முதல் பரிசும் வந்தது.

நமக்கு சீசன் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. இரவு 10 மணிக்கு வடகிழக்கே, கடலுக்கு மேலே, பாதி வானத்து உயரத்தில் தேடுங்கள். 'டபிள்யூ' மாதிரி ஐந்து நட்சத்திரம் தெரியும். அதன் கூரான முனை காட்டும் பக்கம் போனால் ஆள் அங்கே இருப்பார்.

ஒரே ஒரு வில்லன் உண்டு. விளக்கு! நாம் செகண்டு செகண்டாகக் கட்டும் ஆர்.டி.யில், வானத்தைப் பார்த்து எரிகிற தெருவிளக்கு கள்ள நோட்டைக் கலந்துவிடுகிறது. அதற்கு எவ்வளவு பொறுமை இருந்தும் பிரயோசனமில்லை. விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. தலைக்கு ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைப் பக்கம் திருப்பினால் போதும். கடல் பக்கத்து இருட்டு ஒன்றுதான் நமக்கு மிச்சம். அதுவும் போய்விட்டால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மகாளய அமாவாசைக்குக் காலையில் பீச்சுக்குப் போய் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அன்றைக்கே ராத்திரி இன்னொரு நடை போய்ப் பாருங்கள். கேமராவில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, இன்றைய மனித இனமே பூமியில் கிடையாது. முன்னோருக்கெல்லாம் முன்னோர்!

அர்த்த ராத்திரியில் வீடு திரும்பும்போது, 'எங்கே போனீங்க?' என்று கேட்டால், 'பக்கத்து வீட்டைப் பார்க்கப் போனேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!