பாம்புக் கடிக்கு வாட்ஸ்அப்பில் வழி கேட்கும் மருத்துவர்கள்: எந்த அளவுக்குச் சரி?

திருக்கழுக்குன்றம் என்றதும் பலருக்கும் வேதகிரீஸ்வரர் மலையும், ஒரு காலத்தில் உச்சிவேளையில் வந்து உணவு வாங்கிப் போன இரண்டு கழுகுகளும்தான் நினைவுக்கு வரும். மலையை விட்டுக் கீழே இறங்கினால் ஏரிப் பாசனம், நெல் வயல், வரப்பு, வைக்கோல் போர், எலி வளை. எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். இந்தப் பக்கத்து மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவருக்குப் பாம்புக் கடி அபூர்வமான விஷயம் அல்ல. ஆனால், அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பார். பக்கத்தில் மூத்தவர் இருக்க மாட்டார். கையில் செல்போன் இருக்கும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அதிகாலை 4 மணி. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு பெண்ணை ஆட்டோவில் அழைத்து வருகிறார்கள். வயிற்றுவலி, வாந்தி. "நைட்டு மீன் குழம்பு சாப்பிட்டுச்சு டாக்டர், அதுதான் ஒத்துக்கலை போல" என்கிறார் கூட வந்தவர். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. கண் இமைகள் மட்டும் லேசாக இறங்கியிருக்கின்றன. புதிதாகப் பணிக்கு வந்த மருத்துவர் நாலு வரியில் இதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரண்டு நிமிடத்தில் எங்கிருந்தோ பதில் வருகிறது: "கட்டுவிரியன்னு வெச்சுக்கிட்டே ஆரம்பிங்க. ஏ.எஸ்.வி. போடுங்க. மூச்சைப் பாத்துக்கிட்டே இருங்க, ட்யூப் ரெடியா இருக்கட்டும்."

காட்சி கற்பனைதான். ஆனால் கட்டுவிரியன் கடி அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அது இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல் தடம்கூடப் பல நேரம் கண்ணுக்குப் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். அதை அஜீரணம் என்று நினைத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டால், சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். பாடப் புத்தகத்தில் இது ஒரு பத்தி. ஒரு தடவை நேரில் பார்த்தவர் மறக்க மாட்டார். பார்க்காதவருக்கு, பார்த்த ஒருவர் அந்த நேரத்தில் சொன்னால்தான் உண்டு. மருத்துவர்களின் சமூக ஊடகக் குழுக்களுக்கு இருக்கும் மதிப்பு பெரும்பாலும் இதுதான்.

தபாலில் போன அறிவு

இந்தத் தேவை வாட்ஸ்அப்போடு பிறந்தது அல்ல. மகாராஷ்டிரத்தின் மகாட் அருகே பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976-ல் பணிக்குச் சேர்ந்தவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். கொங்கணக் கடலோரத்தில் செந்தேள் கொட்டி வந்தவர்கள் இதயம் பாதித்து, நுரையீரலில் நீர் கோத்து இறந்துகொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்று தெளிவான வழிகாட்டி இல்லை. அவர் ஒவ்வொரு நோயாளியையும் பக்கத்தில் இருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். 1982-ல் அவருடைய கடிதம் 'லான்செட்' இதழில் வெளியானது. பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இந்த மரணங்களைக் குறைக்கும் என்று பிறகு காட்டினார். அவர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 2022-ல் பத்மஸ்ரீ.

ஒரு கிராமத்து மருத்துவரின் அனுபவம் லண்டன் போய் அச்சாகித் திரும்பி வந்து இன்னொரு கிராமத்து மருத்துவரைச் சேர ஆண்டுக்கணக்கில் ஆன காலம் அது. அந்தத் தூரம் இன்று ஒரு இரவுக்குள் சுருங்கிவிட்டது. ஆனால் பவாஸ்கர் சொன்னதை நிபுணர்கள் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, அதன் பிறகே அச்சிட்டார்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் சல்லடை கிடையாது.

உலக அளவில் இதற்கு ஒரு இயக்கமே இருக்கிறது. 2012-ல் டப்ளினில் நடந்த அவசர மருத்துவ மாநாட்டின்போது ஆஸ்திரேலிய மருத்துவர் மைக் கடோகன் முன்வைத்த பெயர் 'ஃபோம்'. யாரும் எங்கிருந்தும் இலவசமாகப் பெறக்கூடிய மருத்துவக் கல்வி என்பது பொருள். வலைப்பதிவு, பாட்காஸ்ட், ட்விட்டர், யூடியூப் என்று அது பரவியது. அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள்தான் இதில் முன்னணி. நம்மூரில் அதே வேலையைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் செய்கின்றன. கல்லூரி பேட்ச் குழு, மாவட்டக் குழு, துறைக் குழு என்று ஒரு மருத்துவரின் போனில் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அதில் பாதி 'குட் மார்னிங்' பூக்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழுவில் என்ன கற்கிறார்கள்?

பாம்புக் கடியையே எடுத்துக்கொண்டால், சின்னச் சின்ன நடைமுறை விஷயங்கள்தான் அதிகம் கைமாறுகின்றன. அவைதான் உயிரையும் காப்பாற்றுகின்றன.

உதாரணத்துக்கு, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை. நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். ஆய்வகம், கருவி எதுவும் வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், புதிதாக, உலர்ந்து இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். கடியே இல்லாதவருக்கு மருந்து ஏற்றும் நிலை வந்துவிடும். இந்த நுணுக்கத்தைப் பலரும் கற்றுக்கொள்வது தேர்வுக்குப் படிக்கும்போது அல்ல, யாராவது சொல்லித்தான்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும்: குழந்தைக்கு எத்தனை குப்பி? எடைக்கு ஏற்பக் குறைக்க வேண்டுமா? கூடாது. பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லை. கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நஞ்சை முறிக்கும். 10 மில்லி கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராம். அதனால்தான் தொடக்கத்தில் 10 குப்பி என்ற கணக்கு. குழந்தைக்கும் அதேதான். அடுத்த சோதனைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். உறைவதற்கான பொருட்களைக் கல்லீரல் மறுபடி உற்பத்தி செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். "போட்டும் ரத்தம் உறையலையே" என்று இரண்டு மணி நேரத்தில் பதறி மேலும் பத்துக் குப்பி ஏற்றுவது மருந்தை வீணடிப்பது.

இதை எல்லாம் மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டி சொல்கிறதே, குழு எதற்கு என்று கேட்கலாம். வழிகாட்டி இருப்பது வேறு, அதிகாலை 4 மணிக்கு அதில் எந்தப் பக்கம் என்று தெரிவது வேறு. நல்ல குழுவில் மூத்தவர் தன் கருத்தைச் சொல்ல மாட்டார். வழிகாட்டியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்.

படத்தை வைத்துப் பாம்பைச் சொல்லலாமா?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உறவினர் செத்த பாம்பைப் படம் எடுத்து வருகிறார். மருத்துவர் அதைக் குழுவில் போடுகிறார். கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்ட, நஞ்சில்லாத வீட்டுப் பாம்பு ஒன்று உண்டு. அதற்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு, கழுத்தைத் தாண்டித்தான் தொடங்கும், வால்வரை தெளிவாக இருக்கும். முதுகின் நடுவில் அறுகோணச் செதில்கள் பெரிதாக வரிசையாக இருக்கும். இதேபோல மண்ணுளிப் பாம்பையும் மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியன் என்று நினைப்பவர்கள் ஏராளம். மங்கலான, அழுத்திச் சுருக்கப்பட்ட வாட்ஸ்அப் படத்தில் செதிலை எங்கே பார்ப்பது?

"இது விஷமில்லாதது" என்று யாரோ ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அதனால்தான் பாம்பைத் தேடாதே, நோயாளியைப் பார் என்பது சிகிச்சை விதி. இமை இறங்குகிறதா, ரத்தம் உறைகிறதா, வீக்கம் ஏறுகிறதா என்பதே போதும். நம்மிடம் இருக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. ஆக, பெயர் தெரியாததால் சிகிச்சை நிற்க வேண்டிய அவசியமே இல்லை. படம் கூடுதல் தகவல், அவ்வளவுதான்.

வடநெம்மேலி வரை

இந்த மருந்தின் மூலப்பொருள் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தை ஒட்டி, 1978 முதல் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மறுபடி காட்டிலேயே விடுவார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்து போனதுதான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017-ல் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்களும் இவர்களே.

தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து ராஜஸ்தானிலோ அசாமிலோ அதே வேகத்தில் வேலை செய்யுமா? பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, 'பெரிய நான்கு' அல்லாத பாம்புகள் சிலவற்றின் நஞ்சுக்கு இந்த மருந்து போதவில்லை என்று காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கூன்மூக்குக் குழிவிரியனுக்கு இது பலன் தராது என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. "எங்க ஊர்ல இருபது குப்பி போட்டும் கேக்கலை" என்று குழுவில் ஒருவர் புலம்புவது உண்மையில் ஒரு தரவு. அது ஆய்வாளரிடம் போக வேண்டும். நாளை காலை அதன் மேல் முந்நூறு செய்திகள் ஏறிவிட்டால் யாருக்கும் கிடைக்காது. குழுக்களின் மிகப் பெரிய குறை என்று நான் கருதுவது தவறான தகவலைக்கூட அல்ல, இந்த மறதியைத்தான். ஒரே கேள்வியை ஒவ்வொரு பேட்ச்சும் புதிதாகக் கேட்கிறது.

2020-ல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. கணக்கு இனி முறையாகச் சேர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி, ஒரு மருத்துவர் தன் நோயாளிக்காக இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதை அனுமதிக்கிறது. ஆனால் பொறுப்பு கேட்டவருக்கே, சொன்னவருக்கு அல்ல. "குரூப்ல சொன்னாங்க" என்பது எந்த விசாரணையிலும் நிற்காது. குழுவில் கேட்டவர், என்ன பதில் வந்தது, எதை ஏன் ஏற்றார் என்பதை நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பது அவருக்கே பாதுகாப்பு.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ல் வெளியிட்ட நடத்தை விதிகளில் சமூக ஊடகத்துக்கென்று தனிப் பகுதி இருந்தது. பொதுவெளியில் நோயாளியின் சிகிச்சையை விவாதிக்கக் கூடாது, ஸ்கேன் படங்களைப் போடக் கூடாது, காசு கொடுத்து லைக் வாங்கக் கூடாது என்றெல்லாம். பொதுப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்ற விதிக்குக் கிளம்பிய எதிர்ப்பில், அதே மாதம் 23-ம் தேதி மொத்த விதிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. சமூக ஊடகப் பகுதியும் சேர்ந்தே போனது. பாவம், அதன் மேல் யாருக்கும் பெரிய கோபம் இல்லை.

விதி இல்லாவிட்டாலும் நோயாளியின் ரகசியம் ரகசியம்தான். எக்ஸ்ரேயின் மூலையில் பெயர், வயது, எண் இருக்கும். அதை மறைக்காமல் அனுப்புவது இன்றும் நடக்கிறது. சின்ன ஊரில் முகம் வேண்டாம், கையில் குத்திய பச்சையே போதும் ஆளைச் சொல்ல. அனுப்பிய படம் எல்லோர் போன் கேலரியிலும் தானாகச் சேமிக்கப்பட்டு, குழந்தைகள் விளையாடும் போனிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவர் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று பழைய மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. ஹோட்டல் அரங்கில் உட்கார்ந்து கேட்ட உரைக்குச் சான்றிதழ் உண்டு. அதிகாலையில் குழுவில் கற்றதற்குக் கிடையாது.

மருத்துவர்களுக்கு வாட்ஸ்அப்பைத் தவிர வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய பாம்புக் கடிச் செயல்திட்டத்தோடு 15400 என்ற உதவி எண்ணும் வந்தது. சோதனை முறையில் ஐந்து இடங்களுக்கு மட்டும் அறிவிக்கப்பட்ட அதில் புதுச்சேரி உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதற்கு முன்பே வரும் மாமல்லபுரம் இல்லை, திருக்கழுக்குன்றமும் இல்லை. இங்கே கடிபட்டவர் அழைக்க வேண்டியது 108.