காரணங் காட்டாத கட்டளை

நோயைத் தடுக்கும்பொருட்டு அரசு மக்களின் வழமைகளிற் கைவைத்தல் சிலவேளை இன்றியமையாததாகும். ஆயின், அதற்குரிய காரணத்தை ஆதாரத்தோடு எடுத்துக்காட்டுதல் வேண்டும். காரணம் பொய்த்தவிடத்துக் கட்டளையை மாற்றுதலும் வேண்டும். இவ்விரு கடமைகளிலும் ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுன ஆட்சி தவறியமைக்கு, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் பற்றிய அதன் கொள்கை தக்க சான்றாகும்.

2020 மார்ச்சு மாதத்தில் உலக சுகாதார தாபனம் அடக்கம், தகனம் ஆகிய இரண்டையும் ஏற்புடையன என்றது. அவ்வாறிருந்தும், ஏப்பிரல் 11 ஆம் நாள் வர்த்தமானி தகனத்தையே கட்டாயமாக்கிற்று. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே கூறப்பட்ட காரணம்.

கல்முனை முதலாய எமது கரையோர ஊர்களில் மணலைச் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். "இனிக் கிணற்றுநீரைக் குடிக்கலாமா?" என வகுப்பில் மாணவனொருவன் வினவினான். அவ்வச்சம் நகைத்தற்குரியதன்று, ஆராய்தற்குரியது.

வாந்திபேதிக் கிருமி நீரிற் பரவுவது, தானே பெருகவல்லது. கொவிட் வைரசோ உயிருள்ள கலத்தினுட் புகுந்தாலன்றிப் பெருகாது. உடல் இறந்தபின் அதன் கலங்களும் இறந்தொழிகின்றன. அவ்வைரசின் கொழுப்புறை எளிதிற் சிதைவது. அது பரவும் பெருவழி மூச்சே. மேலும், நோயாளர் உயிரோடிருக்கையிலேயே அவர்தம் மலத்துடன் வைரசின் கூறுகள் வெளியேறுகின்றன. மலசலகூடக் குழிகளும் இதே மணலில்தானே உள்ளன? நீரே கவலையாயின், அவற்றையன்றோ முதற்கண் எண்ணியிருத்தல் வேண்டும்!

தகனத்தை எதிர்த்த மனுக்களை 2020 திசெம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும், அம்மாத இறுதியில் அரசு அமைத்த நிபுணர் குழுவொன்றும், அடுத்து இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றன. அதன் பின்னரும், 2021 சனவரியில், கொள்கை மாறாதெனச் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். பெப்ரவரி 25 ஆம் நாள் வர்த்தமானியே அடக்கத்துக்கு வழிவிட்டது. மார்ச்சு 5 முதல், தொலைவிலுள்ளோரும் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கே உடல்களைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. பின்வந்த அரசின் அமைச்சரவை 2024 யூலையில் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது, எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் எனக் கூறப்பட்டது.

இஃது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய குறையன்று. கிறித்தவரும் அடக்கஞ் செய்வர். சைவருள்ளும் குழந்தைகளையும் துறவியரையும் புதைத்தல் மரபே. அன்றியும், தீங்கு சாவோடு நிற்கவில்லை. இறப்பின் எரிக்கப்படுவோம் என்றஞ்சிப் பரிசோதனைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லத் தயங்கினோர் பலர். நோயைத் தடுக்க எழுந்த கட்டளை நோயை மறைக்கத் தூண்டியது!

இந்நாடு மலேரியாவை ஒழித்து 2016 இல் உலக சுகாதார தாபனத்தின் சான்று பெற்றது. காய்ச்சல் கண்டோர் தாமே முன்வந்து குருதி கொடுத்தமையாலும், சுகாதார ஊழியரை மக்கள் தம் வீடுகளுட் புகவிட்டமையாலுமே அது கைகூடிற்று. இலவச வைத்தியத்தின் மெய்யான மூலதனம் மக்களின் நம்பிக்கையே. மருந்து தீர்ந்தால் மீண்டும் வாங்கலாம். நம்பிக்கை தீர்ந்தால் எச்சந்தையில் வாங்குவது? ஆளவருவோர் எக்கட்சியினராயினும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.