மீனும் கொட்டும்!
விஷ முள்ளுக்கு வெந்நீர் வைத்தியம்

தேள் கொட்டும், குளவி கொட்டும். மீன் கொட்டுமா?

"ஏன் கொட்டாது?" என்பார்கள் காசிமேட்டு மீனவர்கள்.

வலையை உதறி மீனை வகை பிரிக்கும்போது கெளுத்தி முள் கையில் ஏறிவிட்டால் போதும். திடகாத்திரமான ஆளும் அலறித் துடிப்பார். எண்ணூர் முகத்துவாரத்தில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கும் இதே பயம்தான். சேற்றுக்குள் என்ன கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதல்லவா? கை வீங்கினால் தொழிலுக்குப் போக முடியாது. தொழிலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது!

காரணம், அது வெறும் முள் அல்ல, விஷ முள்!

உலகில் 2,000-க்கும் அதிகமான மீன் இனங்கள் விஷம் உடையவை. விஷப் பாம்பு இனங்கள்கூட இத்தனை இல்லை.

திருக்கை வால்

"திருக்கை வாலால் அடிப்பேன்" என்று அந்தக் காலத்தில் மிரட்டுவார்கள். அந்த வாலைச் சவுக்காக உபயோகித்ததுண்டு. ஆனால் திருக்கையின் உண்மையான ஆயுதம், வாலின் மேல் இருக்கும் முள்தான்.

முள்ளின் இரு பக்கமும் அரம்போல் பற்கள். அவை பின்பக்கமாகச் சாய்ந்தவை. எனவே உள்ளே போவது சுலபம். வெளியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். முள்ளை மூடி ஒரு மெல்லிய தோல் உண்டு. முள் குத்தியதும் அந்தத் தோல் கிழிகிறது. விஷம் காயத்தில் இறங்குகிறது.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, ஆக 3 முட்கள். இருங்கெளுத்தியின் முள் இன்னும் கொடியது.

இந்த மீன்கள் யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. மிதித்தால், பிடித்தால் குத்தும். அது தற்காப்பு!

கைகொடுக்கும் வெந்நீர்

மீன் முள் குத்தினால் என்ன செய்வது?

குத்திய இடத்தை வெந்நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். தண்ணீரின் சூடு 45 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. அடிபடாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். அந்தக் கை தாங்கும் சூடுதான் சரி. 30 நிமிடம் முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்கலாம். பலருக்கு வலி நன்றாகக் குறைந்துவிடும்.

இது எப்படி? மீன் விஷத்தில் முக்கியமாக இருப்பது புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டதும் வெள்ளைக்கரு மாறிப்போகிறது. மறுபடி பழைய நிலைக்கு வராது. மீன் விஷத்தின் புரதமும் சூட்டில் கெட்டுப்போகும் குணமுடையது. சூடு, நரம்பு வழியே செல்லும் வலி உணர்ச்சியையும் அடக்குகிறது என்று சில டாக்டர்கள் கருதுகிறார்கள்.

காயத்தைக் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தனுர்வாத ஊசியும் தேவைப்படலாம். மார்பிலோ வயிற்றிலோ குத்தினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முள்ளைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆஸ்திரேலியாவின் புகழ் பெற்ற ஸ்டீவ் இர்வின், 2006-ல் திருக்கை முள் மார்பில் பாய்ந்துதான் இறந்தார்.

நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள பாம்புக்கடி ஊசி மருந்து, 4 வகைப் பாம்புகளின் விஷத்தை முறிக்கத் தயாரித்தது. மீன் விஷத்துக்கு அது உதவாது.

தாய்மார்கள் கவனிக்க!

கெளுத்திக்கும் திருக்கைக்கும் விஷம் முள்ளில்தான், சதையில் அல்ல. முள்ளை நீக்கிக் குழம்பு வைத்தால் பயமின்றிச் சாப்பிடலாம்.

பேத்தை மீன் அப்படியல்ல! அதன் விஷம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அதைத் தின்னவே கூடாது.

விஷத்தில் மருந்து?

மீன்களில் மிகக் கொடிய விஷம் கல்மீனுக்கு உண்டு. பார்த்தால் பாசி படிந்த கல். மிதித்தால் முதுகில் 13 விஷ முட்கள்! 1959-ல் ஆஸ்திரேலியாவில் இதற்கு முறிமருந்து கண்டுபிடித்தார்கள். அந்த விஷத்தின் உருவத்தை 2015-ல் அந்நாட்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். விஷத் துகள்கள் வளையமாகக் கூடி, நம் உடலின் உயிரணுக்களில் துளை போடுகின்றனவாம். நம் உடம்பும் நோயுற்ற அணுக்களை அழிக்க இதே போன்ற துளைக்கருவி ஒன்றை வைத்திருக்கிறது. என்ன விந்தை!

நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் சிங்கமீன் விஷத்தை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து பிரித்த ஒரு பொருள் எலிகளின் புற்றுநோய்க் கட்டியைக் குறைத்ததாக 2006-ல் அறிவித்தார்கள்.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. மீன் விஷத்தைச் சேர்த்து வைப்பதும் கடினம். சீக்கிரம் கெட்டுவிடும். மீனவரின் வலியைத் தணிக்கும் அதே குணம், விஞ்ஞானியின் கையைக் கட்டிப்போடுகிறது!

விஷம் மருந்தாகும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை, கடலுக்குப் போகும் படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும்!