வருகைப் பதிவேட்டில் தெரியாத வலி

கருப்பையின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற திசு சினைப்பை, சினைக்குழாய், குடல், சிறுநீர்ப்பை எனக் கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்குச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு அந்தத் திசுவும் கட்டுப்படும். அதனால் அழற்சியும் தழும்பும் உண்டாகும்; உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, முன்னேற வேண்டிய வயதும் அதுதான்.

இந்த நோய் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்பதை 10 நாடுகளில் 1,418 பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு அளந்து பார்த்தது. நோயுள்ள பெண் ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சராசரியாக 10.8 மணி நேர உழைப்பை இழந்தார். ஒரு முழு வேலை நாளைவிட அதிகம் இது. அதில் பெரும்பகுதி விடுப்பு எடுத்ததால் போனதல்ல. வேலைக்கு வந்து, வலியோடு உட்கார்ந்திருந்து, வழக்கமாகச் செய்வதைச் செய்ய முடியாமல் போன நேரம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் இந்த இழப்பு கண்ணில் படாது. மறுநாள் அந்தப் பாக்கியையும் சேர்த்து முடிக்கப் பாடுபடுபவர் அந்தப் பெண்ணேதான். 2012-இல் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வு இதைப் பணக் கணக்கில் சொன்னது: ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்குச் சிகிச்சைச் செலவு 3,113 யூரோ, உழைப்பு இழப்பு 6,298 யூரோ.

வலி மட்டுமே காரணமல்ல. தூங்கினாலும் தீராத அசதி, மிகுதியான உதிரப்போக்கு, மலம் கழிக்கும்போது ஏற்படும் வேதனை, ஹார்மோன் மாத்திரைகளின் பக்கவிளைவுகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் ஆசிரியைக்கும், நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போக முடியாத கண்டக்டருக்கும் இது இன்னும் கடுமை. அதற்கு மேல், ‘மாசாமாசம் எல்லாருக்கும் வர்றதுதானே’ என்ற பேச்சு. இந்த ஒரு வாக்கியம் செய்யும் கேடு சாதாரணமானதல்ல. அதற்கு அஞ்சியே பலர் காய்ச்சல் என்றோ வயிற்றுக்கோளாறு என்றோ மாற்றிச் சொல்லி லீவு கேட்கிறார்கள். மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகிறது. 2011 ஆய்வின்படி, அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகச் சராசரியாக 6.7 ஆண்டுகள் ஆகின்றன.

தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் சுமார் நூறு பேரிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட செய்தி இங்கே நினைவுகூரத் தக்கது. மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டன. அவர்களில் யாருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது என்று கேட்க அங்கே வழியே இல்லை. வலியை அமுக்கி டார்கெட்டை எட்டவைக்கும் மாத்திரை, நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

நோய் இப்படி வாட்டுகிறது என்பதற்காக வேலையை விட்டுவிடுவது தீர்வாகாது. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் சக ஊழியர்களின் துணையும் தன்மதிப்பும் வேலையோடு சேர்ந்தே வருகின்றன. நீண்டகால நோயாளிக்கு இவை கூடுதலாகவே தேவை. கொரோனா காலத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்றில், நோயைச் சமாளிக்க வேண்டியிருந்ததால் ஆறில் ஒருவர் வேலையை இழந்திருந்தது தெரிந்தது. அதே ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்யக் கிடைத்த வாய்ப்பால் முன்னைவிட நன்றாக உழைக்க முடிந்தது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். நோய் அதேதான்; வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்ளவும், சற்றுப் படுத்து எழுந்து வேலையைத் தொடரவும் முடிந்தது, அவ்வளவே.

விடுப்பும் ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிலக்கு விடுப்பு தருகிறது. இத்தகைய விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்ற கவலையை 2024-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வெளிப்படுத்தியது. ஸ்பெயின் 2023-இல் இயற்றிய சட்டம் வேறு வழியில் போனது. விடுப்புக்கால ஊதியத்தை முதல் நாளிலிருந்தே சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்கிறது. முதலாளிக்கு ஊதியச் சுமை இல்லை. ஆனால், எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயால்தான் வலி என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். நோயின் பெயரே தெரியாமல் மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் ஆண்டுகளில் அந்தச் சான்று கைக்கு வராது. அதுவரை இந்தப் பெண்களுக்குக் கைகொடுப்பவை உட்கார ஒரு நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை, கேட்டால் மாற்றித்தரப்படும் ஷிப்ட் போன்ற சிறு ஏற்பாடுகளே.