நெட் தேர்ச்சி இல்லையா? பிஎச்.டி. கனவை விட்டுவிடாதீர்கள்

செம்மநத்தம் போன்ற ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து இறங்கிவந்து எம்.ஏ., எம்.எஸ்சி. முடிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், "நெட் பாஸ் பண்ணலையே, பிஎச்.டி.க்கு யார் பணம் கொடுப்பாங்க?" என்று படிப்பை அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு நெட் தேர்ச்சி கட்டாயமில்லை. முதுகலை மதிப்பெண்ணைப் பார்த்து ஆண்டுக்கு 750 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. அதிகபட்சம் 5 ஆண்டுகள். வீட்டு வாடகைப்படி தனி.

முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வேலையை விட மனமில்லாமல் பகுதிநேரத்தில் பதிந்துவிட்டால் இந்தத் தொகை கிடையாது.

பலர் சறுக்குவது சாதிச் சான்றிதழில்தான். பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை, அறிக்கை என்று மாதக்கணக்கில் இழுக்கலாம். விண்ணப்ப அறிவிப்பு வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசித் தேதி போய்விடும். முதுகலை முதலாண்டிலேயே வாங்கி வையுங்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடமே இல்லை. ஏற்காடு அடங்கிய சேலம் மாவட்டத்தின் மலையாளிகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை ஒரு காகிதத்துக்காக இழப்பது கொடுமை.

மத்திய உதவி கிடைக்காவிட்டால், தமிழக ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. ஒரே காலத்துக்கு இரண்டு உதவித்தொகை வாங்காதீர்கள். தெரியவந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

தேர்வானதோடு வேலை முடியவில்லை. நீங்கள் ஆய்வைத் தொடர்கிறீர்கள் என்று பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதிசெய்தால்தான் பணம் வரும். அந்தப் பொறுப்பிலுள்ள அலுவலர் யார் என்று சேர்ந்த வாரமே கேட்டுவையுங்கள். 2 ஆண்டு முடிந்ததும் மதிப்பீட்டுக் குழு கூடிப் பரிந்துரைத்தால்தான் 42,000-க்கு உயர்த்துவார்கள். நெறியாளர் தானாகவே கூட்டுவார் என்று காத்திருக்காமல் நீங்களே நினைவூட்டுங்கள், அதையும் எழுத்தில். பெண்களுக்கு இன்னொன்று: 2022-ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம். குழந்தை பிறந்ததற்காக ஆய்வை விட வேண்டியதில்லை.

பணம் நின்றுவிட்டால் முதலில் பதிவாளருக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பல்கலைக்கழக மாணவர் குறைதீர் குழு, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்கள். பழங்குடியினர் என்பதால் தேசியப் பழங்குடியினர் ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம். இவற்றோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அமைச்சகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். "எந்த மாதம் வரை பணம் அனுப்பப்பட்டது, என் கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.